மதுராபதி பின்னால் நின்றாள்

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. சார்மினாரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற குல்ஜார் ஹவுஸில் காலை நேரத்தில் ஒரு வீடு தீப்பிடித்து 17 பேர் இறந்துபோனார்கள். எல்லோரும் ஒரே குடும்பம். அவர்களில் 8 பேர் குழந்தைகள். அன்று சாயங்காலம் லோத்குண்டாவில் எங்கள் தெருமுனைப் பால்கடையில் அதே பேச்சுதான். தெலுங்கில் பேசியவர்களும் தமிழில் பேசியவர்களும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்: போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தார்களோ!

அப்படிச் சொன்னவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதபோது வாயில் வருகிற பேச்சு அது. நானும் வினைப்பயனை நம்புகிறவன்தான். விளக்கேற்றாமல் காலையில் காபி குடிப்பதில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை. அதற்குக் காரணம் நான் பார்த்த வேலை.

மின்சார இலாகாவில் லைன்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு வீடு தீப்பிடித்தால் ஃபயர் இன்ஜினுக்கு அடுத்தபடியாக எங்களுக்குத்தான் போன் வரும். கரெண்ட் இருக்கிற வீட்டில் தண்ணீர் பாய்ச்சினால் குழாயைப் பிடித்திருப்பவன் செத்தும்போகலாம். டிரான்ஸ்ஃபார்மரில் ஏ.பி. சுவிட்சை இறக்கி, பியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, ‘லைன் இல்லை’ என்று நாங்கள் கத்திச் சொல்ல வேண்டும். இப்போது அதுவும் போதாது. வெளியே லைனை நிறுத்தினாலும் உள்ளே இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும். இருட்டான வீட்டுக்குள் ஏதோ ஒரு ஒயரில் உயிர் இருக்கும். ‘இன்வெர்ட்டர் எங்கே?’ என்று வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்பதும் எங்கள் வேலையாகிவிட்டது.

இப்படித் தீக்குப் பக்கத்தில் நின்று பார்த்தே காலம் போயிற்று. பாவ புண்ணியம் பார்த்து எரிந்த வீடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இளகிப்போன இணைப்பைப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஃபேனுக்கும் நான்கு பல்புக்கும் என்று போட்ட பழைய ஒயரில் மூன்று ஏ.சி. ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். இணைப்பு இளகிய இடம் சூடாகும். சூட்டில் மேலுறை கருகும். கருகிய உறைக்குள் பொறி பறக்கும். மே மாதத்து ராத்திரியில், எல்லா ஏ.சி.யும் ஒன்றாக ஓடும் நேரத்தில், மாதக்கணக்காக நடந்து வந்தது ஒரு நிமிடத்தில் முடிந்துபோகும். இதற்கு முற்பிறவி வரை போகத் தேவையில்லை. மீட்டர் போர்டைத் திறந்து பார்த்தால் போதும்.

லோத்குண்டா கன்டோன்மென்டை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் ராஜீவ் ரஹதாரியில் கரீம்நகர் பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு பக்கம் அல்வால். என் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு செகந்திராபாத் வந்து இங்கேயே தங்கியவர். அந்தக் காலத்து ஓட்டு வீடுகள் போய், இப்போது நூறு கஜ மனையில் மூன்று மாடி, அதன்மேல் ஒரு பென்ட்ஹவுஸ். பக்கத்து வீட்டுச் சமையலறையில் கடுகு வெடித்தால் நம் கூடத்தில் கேட்கும். மாடிப்படி ஒன்றுதான், அதன் அடியில் மீட்டர் போர்டு, செருப்பு ஸ்டாண்ட், சார்ஜ் ஏறும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர், காலி சிலிண்டர். திருட்டுப் பயத்துக்கு ஜன்னலெல்லாம் கிரில், இரவில் இழுப்புக் கதவுக்குப் பூட்டு. இப்படிப்பட்ட வீட்டுக்குத் தீயணைப்புத் துறையின் சான்று எதையும் யாரும் கேட்பதில்லை. உயர்ந்த கட்டடங்களுக்குத்தான் அந்தச் சட்டமெல்லாம்.

எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற லீடிங் ஃபயர்மேன் ஒருவர் இருக்கிறார். சர்வீஸில் இருந்தபோதே பழக்கம். குல்ஜார் ஹவுஸ் செய்திக்குப் பிறகு ஒரு வாரம் அவர் வீட்டுத் திண்ணையிலேயே கிடந்தேன். சந்துக்குள் தீ என்றால் என்ன செய்வார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, நான் பாதி பார்த்திருந்த காட்சிகளுக்கெல்லாம் காரணம் புரிந்தது.

பெரிய வண்டி உள்ளே வராது, சாலையிலேயே நின்றுவிடும். அதில் ஏறக்குறைய 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒரு குழாய் நிமிடத்துக்கு 450 லிட்டர் கொட்டினால் பத்தே நிமிடத்துக்கு வரும். அதனால் முதல் வண்டி வந்து நிற்கும்போதே அடுத்த வண்டிக்குச் சொல்லிவிடுவார்கள். சாலையிலிருந்து வீடு வரைக்கும் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டே ஓட வேண்டும். வழியில் பைக்குகள், கல்யாண ஷாமியானா, தொங்குகிற கேபிள் ஒயர்கள். குழாய் போய்ச் சேர்ந்ததும் ஒரு தாரை எரியும் வீட்டுக்கு, இன்னொன்று எரியாத பக்கத்து வீட்டுச் சுவருக்கு. ‘எரியாத வீட்டை ஏன் நனைக்கிறீர்கள், சாமான் எல்லாம் பாழாகிறதே’ என்று அந்த வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாராம். சுவர் சூடேறி அந்தப் பக்கத்துத் திரைச்சீலை பற்றிக்கொள்ளும் என்பதை அப்போது யார் அவருக்கு விளக்குவது?

ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் தீ இல்லை, புகை. கீழே பற்றினால் புகைக்குப் போக ஒரே வழி மாடிப்படிதான். நாமும் இறங்க வேண்டிய வழி அது. மெத்தையிலும் சோபாவிலும் இருக்கிற நுரை எரியும்போது கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் கிளம்பும். கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடியோடு ரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. தூக்கத்தில் இருப்பவருக்கு இருமல்கூட வராமல் போகலாம். குழந்தைகள் வேகமாக மூச்சு விடுகிறவர்கள். அவர்களுக்குள் புகை முதலில் நிறைகிறது.

குல்ஜார் ஹவுஸில் நடந்ததும் இதுதான். கீழே கடைகள், மேலே குடும்பம். உள்ளே போக ஒடுக்கமான ஒரே வழி, அதன் முடிவில் ஒடுக்கமான ஒரே படி. காலை 6.16-க்கு அழைப்பு வந்து, மொகல்புரா நிலையத்து வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. பிறகு மொத்தம் 11 வண்டிகள், எழுபது பேர் அளவுக்கு வீரர்கள். அக்கம்பக்கத்து முஸ்லிம் இளைஞர்கள் அவர்களுக்கு முன்பே ஷட்டரையும் சுவரையும் உடைத்துப் புகைக்குள் நுழைந்து தேடியதாகச் செய்தி வந்தது. இவ்வளவு பேர் இவ்வளவு சீக்கிரம் வந்தும், ஒரே படி என்கிற ஒன்றை அவர்களால் மாற்ற முடியவில்லை. மின்கசிவு என்றுதான் முதலில் சொன்னார்கள்.

இப்போது பால்கடைப் பேச்சுக்கு வருகிறேன்.

தீ நல்லவரைத் தீண்டாது என்பது நம் ரத்தத்தில் ஊறின நம்பிக்கை. சீதை தீயில் இறங்கினாள், தீ அவளைச் சுடவில்லை. மணிமேகலையில் ஆதிரை, கடலில் கணவன் இறந்தான் என்று கேட்டுத் தீயில் இறங்குகிறாள். அவள் உடுத்த சேலைகூடக் கருகவில்லை. எங்கள் வட ஆர்க்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து நடந்து முடிகிற நாளில் தீமிதி. என் தாத்தா மிதித்தார், அப்பா மிதித்தார். திரௌபதி தீயில் பிறந்தவள்; அவள் பிள்ளைகளைத் தீ சுடாது என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. தீ நல்லவரை விட்டுவிடும் என்றால், தீ யாரை விடவில்லையோ அவர் நல்லவர் இல்லை என்று ஆகிறது. அப்படியானால் அந்த எட்டுக் குழந்தைகள்? இந்த ஜென்மத்தில் பாவம் செய்ய அவர்களுக்கு நேரமே இருக்கவில்லை. உடனே போன ஜென்மத்துக்குப் போகிறோம். நம் நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காகச் செத்த குழந்தையின் தலையில் ஒரு குற்றத்தை ஏற்றுகிறோம். இதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. எந்தச் சாமியும் இதை என்னிடம் கேட்பதாக நான் நம்பவும் இல்லை.

தீமிதியை நான் விட்டுவிடவில்லை. விரதமிருந்து, காப்புக் கட்டி, மஞ்சள் துணி உடுத்தித் தானாக இறங்குகிறவன் தன்னை அம்மனுக்குக் கொடுக்கிறான். அது காணிக்கை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் அறைக்குள் புகுந்த புகை காணிக்கையும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

சிலப்பதிகாரத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் செகந்திராபாத் தமிழ்ப் பள்ளியில் இருந்த ஒரு வாத்தியார். தேர்வுக்காகப் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. மதுரை எரிகிற பகுதி மட்டும் அப்படியே நிற்கிறது. கண்ணகி இடமுலையைத் திருகி எறிந்ததும் தீக்கடவுள் அந்தணன் உருவில் அவள் முன் வந்து நிற்கிறான். இந்த நகரை எரிக்கும்படி எனக்கு முன்பே ஏவல் உண்டு. யாரை விட்டுவிட வேண்டும் சொல் என்கிறான். அவள் ஒரு பட்டியல் கொடுக்கிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர், குழந்தைகள். இவர்களை விட்டுத் தீயவர் பக்கம் போ. காப்பியத்தில் தீ சொன்னபடி கேட்கிறது. அறவோர் இருக்கும் பக்கம் அதன் நாக்கு நீளவில்லை.

நான் பார்த்த எந்தத் தீயும் அந்தக் கட்டளையைக் கேட்டதில்லை. முதியவரையும் குழந்தையையும்தான் அது முதலில் எடுக்கிறது. எழுந்து ஓடக் கால் இருப்பவர் தப்பிக்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவரும் தொட்டிலில் இருப்பதும் தப்ப முடிவதில்லை. ஆனால் கண்ணகியின் கட்டளையை நிறைவேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை அந்தத் திண்ணையில்தான் கண்டுகொண்டேன்.

எரியும் வீட்டின் முன் வண்டியிலிருந்து குதித்ததும் அவர்கள் என்ன கேட்பார்கள் என்று ஃபயர்மேன் நண்பரிடம் கேட்டேன். விரல் விட்டுச் சொன்னார். உள்ளே எத்தனை பேர்? எந்த ரூமில் படுப்பார்கள்? கேஸ் சிலிண்டர் எங்கே? இன்வெர்ட்டர் எங்கே? அவ்வளவுதான். முதுகில் காற்று சிலிண்டரோடு இரண்டு இரண்டு பேராக நுழைவார்கள். உள்ளே கண் தெரியாது. மேலே சூடு தேங்கி நிற்கும் என்பதால் குனிந்து, பல நேரம் தவழ்ந்துதான் போவார்கள். ஒரு கை சுவரை விடாது. அந்தச் சுவர்தான் திரும்பி வருவதற்கான வழி. கதவைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் திறப்பார்கள். மூடிய அறைக்குள் மூச்சுத் திணறிக் கிடக்கிற தீ, திறந்ததும் காற்றுக் கிடைத்து வெடித்துப் பாயும். பெரியவர்கள் ஜன்னலடியிலும் கதவருகிலும் விழுந்து கிடப்பார்கள். குழந்தைகள் அப்படி இல்லை. கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குள்ளும் பாத்ரூமிலும் ஒளிந்துகொண்டிருக்கும். “முகமூடி போட்டுக்கொண்டு வரும் எங்களைப் பார்த்தாலே பயந்துபோய் உள்ளே இன்னும் நகரும் சார். கூப்பிட்டால் வராது. கையால் துழாவித்தான் எடுக்க வேண்டும்.”

கண்ணகி கேட்டதில் பாதி இதுதான்: குழந்தை, முதியவர். தீ செய்யாததை இவர்கள் செய்கிறார்கள். மீதிப் பாதியை மட்டும் செய்ய மறுக்கிறார்கள். தீயவர் பக்கம் போ என்றாளே, அதை.

இதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். நான் வேலையில் இருந்தபோது இந்தப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு வட்டிக்காரர் வீடு பற்றிக்கொண்டது. அவரிடம் தாலிச் சங்கிலியை அடகு வைக்காத குடும்பம் அந்தத் தெருவில் குறைவு. வாசலில் வந்து நின்று அவர் பேசிய பேச்சைத் தாங்காமல் ஊரைவிட்டே போனவர்களும் உண்டு. அவர் மாடியில் கிரில்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தார். நான் பியூஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர், அவனுக்கு இது வேண்டும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த நேரத்தில் மீசை அரும்பிய ஒரு ஃபயர்மேன் பையன், வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது, ஏணியில் ஏறிக் கிரில்லை வெட்டிக்கொண்டிருந்தான். அவரைத் தோளில் போட்டு இறக்கினான். இறக்கியதும் கூட்டத்தைப் பார்த்து அவன் கேட்டது, உள்ளே இன்னும் யாராவது இருக்கிறார்களா என்பதுதான்.

வட்டிக்காரர் பிழைத்தார். அதே வட்டிக்குத் தொழிலைத் தொடர்ந்தார். அதனால் அந்தப் பையன் செய்ததில் ஒரு குன்றிமணி அளவும் குறைந்துவிடவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். தகுதி பார்த்துக் காப்பாற்றுவது என்று தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு ரோமாபுரியில் ஒரு சாட்சி இருக்கிறது. கிராஸஸ் என்ற பெருஞ்செல்வன், எரிகிற வீட்டையும் அதை ஒட்டிய வீடுகளையும், கலங்கி நிற்கிற சொந்தக்காரர்களிடம் சொற்ப விலைக்கு வாங்கியே சொத்துச் சேர்த்தான் என்று புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். அங்கே தகுதிக்குப் பெயர் பணம். நம் ஊரில் அது புண்ணியமாகவோ சாதியாகவோ இருக்கும். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் தீயை அணைக்கப் போன வீரர்களில் 60-க்கும் மேற்பட்டவர்கள் வெடிப்பில் மாண்டார்கள். ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளானது அவர்களை நினைத்துத்தான். அந்தக் கப்பல் யாருடையது, அதன் சொந்தக்காரர்கள் நல்லவர்களா என்று அவர்களில் யார் கேட்டிருப்பார்கள்?

வைணவத்தில் பழைய வழக்கு ஒன்று உண்டு. குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அது மாதிரி ஜீவன் தன் பங்குக்குப் பற்ற வேண்டும் என்பார்கள் வடகலையார். பூனைக்குட்டி எதையும் பிடிப்பதில்லை, தாய் வாயில் கவ்விக்கொண்டு போகிறது. அருள் அப்படித்தான் என்பார்கள் தென்கலையார். எந்தக் கட்சி சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. புகையில் நினைவு தப்பினவருக்குப் பிடிக்கக் கை இல்லை என்பது மட்டும் தெரியும். அவரைக் கவ்வித்தான் தூக்க வேண்டும். அருளுக்கு நான் பார்த்த உருவம் காக்கிச் சட்டையும் கருகின பூட்ஸும்தான்.

அப்படியானால் வினைப்பயன் பொய்யா? இந்தக் கேள்வியோடுதான் மறுபடியும் சிலப்பதிகாரத்துக்குப் போனேன். கோவலன் இறந்ததற்கு முற்பிறவிக் காரணம் இளங்கோவே சொல்கிறார். முன்பிறவியில் அவன் பரதன் என்ற பெயரில் சிங்கபுரத்தில் இருந்தான். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொடுத்துக் கொல்ல வைத்தான். சங்கமன் மனைவி நீலி இட்ட சாபம் இப்போது வந்து பலித்தது. இதைக் கண்ணகிக்குச் சொல்பவள் மதுரையின் காவல் தெய்வம் மதுராபதி. ஊழ்வினை வந்தே தீரும் என்பது காப்பியத்தின் மூன்று உண்மைகளில் ஒன்று. ஆகவே என் பால்கடை நண்பர்கள் பக்கம்தான் இளங்கோ என்று தோன்றும்.

ஆனால் அந்தக் கதை எப்போது சொல்லப்படுகிறது? கண்ணகி ஒற்றைச் சிலம்போடு அரண்மனை வாயிலில் நின்றாகிவிட்டது. அரசன் முன் வழக்கை உரைத்தாகிவிட்டது. சிலம்பை உடைத்துக் காட்ட, மாணிக்கப் பரல் தெறித்து, நானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு பாண்டியன் உயிர் விட்டாகிவிட்டது. நகரமும் எரிந்துகொண்டிருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகுதான் மதுராபதி வருகிறாள். அப்போதும் கண்ணகிக்கு நேரே வரத் துணியாமல் அவளுக்குப் பின்னால் வந்து நின்றுதான் பேசுகிறாள்.

இந்த வரிசையை நான் பெரிதாக நினைக்கிறேன். மதுராபதி முந்திக்கொண்டு ஆய்ச்சியர் குடிசையிலேயே வந்து, ‘உன் கணவன் போன பிறவியில் செய்தது இது’ என்று சொல்லியிருந்தால் கண்ணகி அரண்மனைக்குப் போயிருப்பாளா? பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் ஒரு அரசன் ஆளைக் கொன்றான் என்பது வெளியே வந்திருக்குமா? முதலில் நீதி கேட்க வேண்டும். யார் பொறுப்பு என்று கேட்டு முடித்து, பொறுப்பானவர் ஒப்புக்கொண்ட பிறகு, தீராமல் மிச்சம் நிற்கிற துக்கத்துக்குத்தான் ஊழ்வினை. தெய்வமே தன் முறை வரும்வரை காத்திருந்தது. நாம் பிணம் எடுப்பதற்குள் வினைக்கணக்கைத் திறந்துவிடுகிறோம். படி ஏன் ஒன்றே ஒன்றாக இருந்தது என்ற கேள்வி அதோடு வாயடைத்துப் போகிறது.

2023 நவம்பர் 13 அன்று நாம்பள்ளி பஜார்காட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் கீழ்த்தளத்தில் ரசாயன டிரம்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே குடும்பங்கள் குடியிருந்தன. 9 பேர் இறந்தார்கள். டிரம் வைத்தவருடைய வினை அவருடையது என்று நூல்கள் சொல்லும். செய்தவன் அனுபவிப்பான் என்று. ஆனால் அனுபவித்தவர்கள் மாடியில் இருந்தவர்கள். வீடும் வீடும் ஒட்டிக்கொண்டு, ஒரே படியில் பத்துக் குடும்பம் ஏறி இறங்குகிற ஊரில், என் கணக்கு எனக்கு, உன் கணக்கு உனக்கு என்று பிரித்து வைக்க முடியாது. என் ஸ்கூட்டர் பேட்டரி உன் பிள்ளையின் மூச்சில் போய் முடியும். முன்னோர்கள் தனித்தனிக் குடிசைகளுக்காக எழுதிய கணக்கை நாம் பொதுச்சுவருக்கு ஏற்றபடி எழுதிக்கொள்ளத்தான் வேண்டும்.

பாரதக் கூத்தில் அரக்கு மாளிகை வரும் இரவு சிறுவயதில் எனக்குப் பிடித்த இரவு. சீக்கிரம் பற்றும் பொருள்களால் கட்டின வீடு. விதுரன் ஆள் அனுப்பி ரகசியமாகத் தோண்ட வைத்த சுரங்கம், அதாவது இரண்டாவது வழி. பாண்டவர் தப்பியதும் நாங்கள் கைதட்டுவோம். வியாசர் பாரதத்தைப் பின்னால் ஒருநாள் படித்தபோதுதான் தெரிந்தது, அன்று விருந்துக்கு வந்து அங்கேயே தூங்கிப்போன ஒரு வேடர்குலப் பெண்ணும் அவளுடைய ஐந்து மகன்களும் உள்ளே எரிந்துபோனார்கள் என்று. அவர்களுடைய உடல்களைப் பார்த்துத்தான் பாண்டவர் இறந்ததாக ஊர் நம்பியது. சுரங்கம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. யாரும் எழுப்பவில்லை. அவர்கள் செய்த வினை என்ன என்று காப்பியம் சொல்லவும் இல்லை; ஒரு பெயர்கூட இல்லை. 2022 மார்ச் 23 விடியலில் செகந்திராபாத் போய்குடாவில் பழைய இரும்புக் கிடங்கின் மேல்தளத்தில் தூங்கிய பீகார்த் தொழிலாளர்கள் 11 பேர் எரிந்து இறந்தபோது எனக்கு அந்த ஆறு பேர்தான் நினைவுக்கு வந்தார்கள். ஜன்னல் வழியாகக் குதித்த ஒருவர் பிழைத்தார்.

இதையெல்லாம் யோசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் கட்டடத்தில் நாலு குடும்பத்தையும் கூட்டிப் பேசினேன். முதல் மாடி ஐயங்கார் மாமா, “பெருமாள் பார்த்துப்பார், நீங்க ஏன் இவ்வளவு பதறறேள்?” என்றார். “பெருமாள் உள்ளே வர்றதுக்கும் ஒரு வழி வேணுமே மாமா” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், ஆனால் செருப்பு ஸ்டாண்டை முதலில் எடுத்தது அவர்தான். ஸ்கூட்டர் சார்ஜ் போடுவது படிக்கு அடியிலிருந்து வாசல் பக்கம் திறந்த இடத்துக்குப் போயிற்று. இழுப்புக் கதவுக்குப் பூட்டு எடுத்து, உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கிற தாழ்ப்பாள் போட்டோம். மீட்டர் போர்டை நானே பிரித்து, இளகிய முனைகளை முறுக்கி, பழைய ஒயரை மாற்ற ஆளை நிறுத்தினேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஜன்னல் கிரில்லைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்தோம். படியில் புகை இருந்தால் இறங்கவும் ஏறவும் வேண்டாம், அறைக்குள் போய்க் கதவை மூடி, அடி இடுக்கில் ஈரத்துணி அடைத்து, அந்த ஜன்னலில் நின்று கத்துங்கள் என்று ஃபயர்மேன் நண்பர் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். சிலிண்டர் வால்வை மூடிக் காட்டினார். 101 என்று எல்லோரையும் சொல்ல வைத்தார்.

பாக்கி இருப்பது மொட்டைமாடி. எங்கள் மாடிக்கும் கிழக்கு வீட்டு மாடிக்கும் நடுவே ஒரு ஆள் தாண்டக்கூடிய இடைவெளிதான். கைப்பிடிச் சுவரில் ஒரு இடம் வெட்டி இரும்புப் பலகை ஒன்று போட்டால் இரண்டு வீட்டுக்கும் இரண்டாவது வழி கிடைத்துவிடும். கிழக்கு வீட்டுக்காரர் திருடனுக்குப் பயப்படுகிறார். ஒரு தடவை அவர் வீட்டில் திருட்டுப் போயிருக்கிறது, அதனால் அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மாடிக்கதவு இரண்டும் உள்ளிருந்து மட்டும் திறக்கிற மாதிரி இருந்தால் வெளியிலிருந்து வருகிறவனுக்கு வழி இல்லை, உள்ளே இருப்பவருக்கு உண்டு என்று தாளில் வரைந்து காட்டினேன். தாளை வாங்கி வைத்துக்கொண்டார். இரும்பு வேலைக்காரரைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார். அளவெடுக்க நான் டேப்போடு போகிறேன்.